எழுத்து முடித்தவனின் அப்பா

வலயக் கல்விக் காரியாலயத்தில் அந்த மேசைக்கு முன்னால் நான் நின்றேன். எனக்குப் பின்னால் இரும்புச் சக்கர நாற்காலியில் அப்பா இருந்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி அம்மா. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, எங்களைத் தன் ஆட்டோவில் கூட்டிவந்த, எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மாமா. மேசைக்கு அந்தப் பக்கம், காப்புறுதி வேலைகளைப் பார்க்கும் எழுதுவினைஞரான சிங்கள அம்மா ஒருவர். இல்லாதவள் ஒருத்திதான்: எனக்கு எழுத்து முடிந்திருந்த பெண். அந்த நேரத்தில் கினிகத்தேனைக்குப் பக்கத்தில் தன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்கும் இந்த அலுவலுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் போனது ஒரு லேசான சக்கர நாற்காலிக்காக.

அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் அந்த வேலையில் வாழ்நாளெல்லாம் மலையில் நின்றவர். காலில் பட்ட ஒரு சின்ன வெட்டு ஆறவில்லை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. பெருவிரலில் தொடங்கி, கடைசியில் முழங்காலுக்கு மேலேயே எடுக்கவேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு சதம் வாங்கவில்லை. அதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். பிரதேச செயலகத்தில் எழுதிக்கொடுத்தபோது சக்கர நாற்காலியும் இலவசமாகத்தான் கிடைத்தது.

ஆனால் அந்த நாற்காலி லயத்தின் வரிசை அறைகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. நல்ல கனமான இரும்பு. அகலமும் அதிகம். எங்கள் காம்பராக் கதவுக்குள் நுழையாது. அதனால் முன்பக்கத்து இஸ்தோப்பில், திறந்த தாழ்வாரத்தில், உரச்சாக்கு போர்த்தி நிறுத்திவைத்திருந்தோம். கழிப்பறை லயத்துக்குப் பின்னால், படி இறங்கிப் போகவேண்டும். அம்மாவால் அப்பாவையும் தூக்க முடியாது, அந்த நாற்காலியையும் தூக்க முடியாது. விடியற்காலையில் அம்மா பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்புமுன் பக்கத்து மாமா வந்து குனிந்து நிற்பார். அப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வார். மாமா அவரை முதுகில் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் விட்டு, வெளியே நின்று பீடி பிடித்து, திரும்பத் தூக்கிவருவார். “மச்சான், நீங்க ஒரு கால கொறச்சும் கனம் கொறையலையே” என்பார். அப்பாவும் ஏதாவது பதில் சொல்வார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அந்த வேலையை முடித்துவிடுவார்கள். நான் வீட்டோடு வந்த பிறகும் அந்தக் காலை வேலையை மாமா எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை; மற்ற நேரங்களில்தான் நான் தூக்கினேன்.

அதற்குப் பிறகு மாமா ஆட்டோ ஓட்டப் போய்விடுவார். அம்மா கொழுந்து மலைக்கு, நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு. பகல் முழுக்க லயத்தில் தூக்குவதற்கு ஆண் துணை கிடையாது. ஆகவே அப்பா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. அம்மா காலையில் ஊற்றிவைத்துவிட்டுப் போகும் தேத்தண்ணி பின்னேரம் வரும்போது அப்படியே ஆடை கட்டிக்கிடக்கும். கிளினிக்கில் வைத்தியர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவரை ஏசினார். இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார். அப்பா தலையாட்டினார். அடுத்த நாளும் தேத்தண்ணி அப்படியே இருந்தது.

அந்தக் கிளினிக்கில்தான், உடற்பயிற்சி கொடுக்கும் பெண் எங்களுக்கு அந்த மற்ற நாற்காலியைக் காட்டினார். அலுமினியத்தில் செய்தது, ஒடுக்கமானது, மடிக்கலாம். அம்மாவை ஒரு கையால் தூக்கிப்பார்க்கச் சொன்னார். அம்மா கொழுந்துக் கூடையைத் தூக்குகிற பழக்கத்தில் பலம் போட்டு இழுக்க, அது தோளுக்கு மேல் போய்விட்டது. அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். இது அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைக்காது, வாங்கத்தான் வேண்டும் என்றார் அந்தப் பெண். அவர் விலை சொன்னதும் அம்மா அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டார்.

நான்தான் கவலைப்படாதீர்கள் என்றேன். அரசாங்க ஆசிரியர்களுக்கு ஒரு காப்புறுதி உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். கல்யாணமாகாத உத்தியோகத்தர் என்றால் அவருடைய தாய் தகப்பனும் அதற்குள் வருவார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேண்டிய உபகரணத்துக்கு, வைத்தியரின் கடிதம் இருந்தால் பெரும்பங்கு கிடைக்கும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து வாசித்து, அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். என் வாயிலிருந்து இப்படியொரு செய்தி வந்ததும் அது லயம் முழுக்கப் பரவிவிட்டது. அப்பாவே பரப்பினார். பிரதேச செயலக நாற்காலியை வாங்கும்போது மாலை போட்டுப் படமெடுத்தார்கள்; அன்று அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இது அப்படியல்ல என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். “மகனோட உத்தியோகத்துல எனக்கும் ஒரு பங்கு எழுதியிருக்காங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். காரியாலயத்துக்குத் தானும் வருவேன் என்று அடம்பிடித்ததும் அதனால்தான். வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமும் உடுத்திக்கொண்டார். வழியில் ஹட்டன் டவுனில் மாமா தேத்தண்ணி வாங்கி நீட்டியபோது வழக்கம்போல வேண்டாம் என்றார். மாமா விடவில்லை. “குடிங்க மச்சான். பெரிய கந்தோருக்குப் போறோம். அங்க டைல் போட்ட கக்கூசே இருக்கும்.” அப்பா சிரித்துக்கொண்டு முழுக்கோப்பையும் குடித்தார். பிறகு இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இனி எழுத்து விஷயத்தைச் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் விவாகப் பதிவை எழுத்து என்போம். எழுத்து வேறு, கல்யாணம் வேறு. எழுத்து முடிந்தாலும் பெண் தன் வீட்டில்தான் இருப்பாள், பையன் தன் வீட்டில்தான் இருப்பான். தாலி ஏறினால்தான் கல்யாணம். நான் அப்போது உடப்புசல்லாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் இருந்தேன். வாரக்கடைசியில்தான் வீட்டுக்கு வரமுடியும். மாமாவை விட்டால் அப்பாவைத் தூக்க வீட்டில் ஆளில்லை. எங்களுக்கோ கல்யாணம் பேசியாகிவிட்டது. தை மாதத்துக்கு ஹட்டனில் மண்டபமும் பிடித்தாகிவிட்டது. கணவன் மனைவி என்றால் ஒரே பக்கத்துக்கு இடமாற்றம் கேட்கலாம் என்று கேள்விப்பட்டு, வழி சொன்னதே அப்பாதான். “எழுத்த மொதல்ல முடிச்சிருங்க. தாலிய தையில கட்டிக்கலாம்” என்றார். பதிவாளரிடம் போனோம். என் பக்கத்துச் சாட்சியாக அப்பா கையெழுத்துப் போட்டார். அதற்காக ஒரு வாரம் பழைய கொப்பியொன்றில் எழுதிப் பழகினார். அந்தப் பத்திரத்தின் பிரதியை நான் இடமாற்ற விண்ணப்பத்தோடு கொடுத்தேன். இடமாற்றம் கிடைத்தது. வீட்டுக்கு வந்தேன். அத்தோடு அதை மறந்துவிட்டேன்.

எழுதுவினைஞர் அம்மா எனது கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, வைத்தியரின் கடிதத்தையும் கடையின் விலைச்சீட்டையும் பார்த்தார். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, கல்யாணம் முடித்தவரா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். நான் இல்லை என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பஸ்ஸில் கேட்டால்கூட, இன்னும் இல்லை, தையில் என்றுதான் சொல்லிவந்தேன்.

அவர் ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். நிமிர்ந்து பார்த்து, “மாத்தயா பெந்தலானே” என்றார்.

நீங்கள் கல்யாணம் முடித்தவர்தானே என்று அர்த்தம். அந்த அளவு சிங்களம் அப்பாவுக்குத் தெரியும்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஆசிரியர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட அதிபர். நான் எழுத்துக்கும் தாலிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிங்களத்தில் விளக்கப் பார்த்தேன். எனக்கே அது பொய்க்காரன் பேச்சுப்போலக் கேட்டது. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உங்கள் ஆட்களின் வழக்கம் எனக்கும் தெரியும், ஆனால் எங்களுக்கு இந்தப் பத்திரந்தான் கல்யாணம் என்றார். பத்திரம் வந்த நாளிலிருந்து மனைவியின் பெயர் ஏறிவிட்டது, தாய் தகப்பனின் பெயரை எடுத்துவிட்டோம் என்றார். பேனை முனையால் இடத்தைக் காட்டினார். அப்பாவின் பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு நேர்கோடு. ரூலர் வைத்து அழகாகப் போட்டிருந்தார்கள்.

அப்பா கேட்டார், “என்னடா சொல்றாங்க?”

மாமாதான் சொன்னார். “எழுத்து முடிஞ்சிருச்சுல்ல, அதனால ஒங்க பேர எடுத்துட்டாங்களாம் மச்சான்.”

அப்பா சிரித்தார். “அப்ப அது நான் போட்ட கையெழுத்தா? சாட்சின்னு சொல்லித்தானே போடச் சொன்னீங்க. என்னைய வெட்டுறதுக்குன்னு யாரும் சொல்லலையே.”

மாமா சிரித்தார். அம்மாகூடச் சிரித்தார். நான் கோப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது செய்யலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த அம்மா தனக்கு மேலே உள்ளவரிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். சட்டம் அப்படி என்றார்கள். என்னுடைய மனைவிக்குக் காலில்லாவிட்டால் நாற்காலி கிடைக்கும்.

அப்போதுதான் அப்பா அம்மாவின் கையைத் தட்டி மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். குடித்த இரண்டு தேத்தண்ணி. கழிப்பறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. மாமாவும் நானும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். வாசலில் ஒரு படி. அதில் ஏற்றினால் கதவுக்குள் சக்கரம் நுழையவில்லை. நான் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன், மாமா பின்னுக்கு இழுத்தார், சக்கரம் நிலையில் சிக்கிக்கொண்டது. முதுகில் ஏற்றலாம் என்று மாமா முன்னால் வந்து குனிவதற்கு வழியில்லை. நாற்காலியே வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. “விடுங்க” என்று அப்பா சொன்னார். “விடுங்க, பரவாயில்ல. ஆயிருச்சு.”

புதுச் சாரத்திலிருந்து வழிந்து, மெருகு போட்ட சிவப்புத் தரையில் ஓடியது. அம்மா தன் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். எழுதுவினைஞர் அம்மா பழைய பத்திரிகைத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்து, தானும் குனிந்தார். வாங்கிலிருந்த ஒரு ஆசிரியை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அதிபர் எழுந்துவந்து, ஆசிரியருக்குரிய மரியாதையோடு, “சேர், ஏதாவது உதவி வேணுமா?” என்று என்னைக் கேட்டார். நான் கையில் வைத்தியரின் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். தரையைத் துடைத்த இரண்டு பெண்களோடு நானும் குனிந்திருக்கவேண்டும். கடிதம் நனைந்துவிடக்கூடாது என்று உயர்த்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கடிதத்துக்கு அப்போது எந்தப் பிரயோசனமும் இல்லை.

திரும்பும்போது மாமா ஆட்டோவில் பாட்டுப் போடவில்லை. மழை தொடங்கியிருந்தது. தோட்டத்து வளைவு வந்ததும் அப்பா சொன்னார்: “ஒன்னைய சேர்னு கூப்புடுற எடம். அங்க போயி நான் இப்பிடிப் பண்ணிட்டேன்.”

அவர் எனக்காக வெட்கப்பட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. மழைத்துணியை இழுத்துக் கட்டுவதுபோல வெளியே பார்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு அப்பா காலைத் தேத்தண்ணியையும் பாதியாக்கிவிட்டார். லயத்தில் யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததே எல்லாம் தெரியும் என்பதைச் சொன்னது. நான் குழாயடிப் பக்கம் போகாமல் பின்வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன்.

எழுத்து முடித்தவளிடம் தொலைபேசியில் சொன்னேன். பெயர் வெட்டப்பட்டதைச் சொன்னேன்; தரையில் ஓடியதைச் சொல்லவில்லை. அதை அம்மா சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை அவள் பஸ் ஏறி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டாள்.

தாலிக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவளும் தாண்டவில்லை. இஸ்தோப்பில் உட்கார இரும்பு நாற்காலியைத் தவிர வேறொன்றும் இல்லை. உரச்சாக்கை எடுத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தாள். உள்ளே கட்டிலில் அப்பா, வெளியே அவள். இரண்டு பேரும் திறந்த கதவு வழியாகப் பேசினார்கள்.

அப்பா உள்ளே வரச்சொன்னார். தாலி ஏறாமல் எப்படி என்று அம்மா தடுத்தார். “கவர்மெண்டுக்கு மருமக, நம்ம வாசப்படிக்கு இன்னும் இல்லையா?” என்றார் அப்பா. அவள் சிரித்துவிட்டு அப்பாவிடம் சட்டென்று சொன்னாள்.

“மாமா, ஹட்டன் மண்டபம் வேணாம்னு நெனைக்கிறோம். ஒங்க தோட்டத்துக் கோயில்லயே கட்டிக்கிறோம். அந்தக் காசுல நாற்காலி வாங்கிருவோம்.”

நினைக்கிறோம் என்றாள். அதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மகன் உத்தியோகத்தில் செய்யமுடியாததை இன்னும் வாசல் தாண்டாத பெண் செய்ய வந்திருக்கிறாள் என்று அப்பா நினைத்திருப்பார். நான் அப்படித்தான் நினைத்தேன்.

மண்டபத்துக்கு முற்பணத்தில் பாதி அவள் அப்பா கட்டியிருந்தார். ஆகவே அவரிடம் நான்தான் போய்க் கேட்கவேண்டும். அவருக்குக் கினிகத்தேனையில் வீதியோரமாக ஒரு பலசரக்குக் கடை. தோட்டத்திலிருந்து இறங்கி, கஷ்டப்பட்டு டவுனில் காலூன்றியவர். தன் மகளின் கல்யாணம் திரும்ப ஒரு தோட்டத்துக் கோயிலுக்கு ஏறவேண்டும் என்று கேட்க, நான் அந்தக் கடைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் ஒரு சிங்களக் கிழவிக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கிழவி போனதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னீங்களே மாப்ள?”

நடந்ததைச் சொன்னேன். எழுத்தால் வந்தது என்று சொன்னபோது, அவருடைய மகளைக் குற்றம் சொல்வதுபோலாகிவிடுமோ என்று பயந்து, எல்லாம் என் பிழை என்று முடித்தேன். அவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். “எங்க ஆளுங்க மண்டபத்துக்குன்னு உடுப்புத் தைக்கக் குடுத்துட்டாங்க” என்றார். கொஞ்சம் கழித்து, “சரி, அதே உடுப்ப கோயில்லயும் போடலாம்” என்றார். எனக்குக் குடிக்க ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மண்டபக்காரர் தேதி நெருங்கிவிட்டதென்று முற்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார். அதோடு என் கையிலிருந்ததையும் போட்டுக் கொழும்புக் கடைக்கு அனுப்பினேன். நாற்காலி பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்தது. மாமா போய் எடுத்துவந்தார். பெட்டியைப் பிரிக்க லயத்தில் பாதிப்பேர் இஸ்தோப்பில் கூடிவிட்டார்கள். அம்மா அதை விரித்து, கதவு வழியாக உள்ளே தள்ளினார். இரண்டு பக்கமும் விரல்கடை இடைவெளி விட்டு உள்ளே போனது. அப்பா கையூன்றித் தானே அதில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்த நாள் விடியற்காலையில் வழக்கம்போல மாமா வந்து நின்றார். அதற்குள் அம்மா பின்வாசல் படியில் நாற்காலியை ஒரு கையால் இறக்கி, மறுகையால் அப்பாவைத் தாங்கி இறக்கி, கழிப்பறை வாசல்வரை கொண்டுபோய் விட்டிருந்தார். மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “அப்ப நான் தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போறேன்” என்று அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். அப்பா திரும்பிவந்து அவரோடு சேர்ந்து ஒரு கோப்பை குடித்தார். பகலுக்கும் ஒரு போத்தல் தண்ணீர் நிறைத்துவைக்கச் சொன்னார். பகலில் வீட்டிலிருக்கும் மறுபக்கத்துக் காம்பரா அக்காவே இந்த நாற்காலியைப் படியில் இறக்கிவிடுவார் என்று அம்மா பேசிவைத்திருந்தார்.

அந்தக் காலை குழாயடியிலிருந்து வந்த ஒருவர் இஸ்தோப்பில் நின்று, இன்சூரன்ஸில் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். தெரியாமல் கேட்டாரா, தெரிந்துகொண்டு கேட்டாரா என்று விளங்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்: “ஆமா, மகனோட உத்தியோகத்துல கெடச்சது.”

கேட்டவர் போகும்வரை நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே குனிந்திருந்தேன். போன பிறகு அப்பா நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“நெசமா எவ்வளவுடா ஆச்சு?”

சொன்னேன். நாற்காலிக்கு அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. பஸ்ஸில் ஏற்றிவிட்ட கூலி ஆயிரத்து நூறு. மண்டபக்காரர் பிடித்துக்கொண்டது இருபதாயிரம். எல்லாமாக எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.